நெரிசலான லைனுக்கு ரவுட்டர் பஃபர் எவ்வளவு வைப்பது? ஹாஸ்டல், சிறு அலுவலகம், கேபிள் ஆபரேட்டருக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் லேடீஸ் ஹாஸ்டல் நடத்துபவர், அண்ணா நகரில் பதினைந்து பேர் வேலை பார்க்கும் அலுவலகம், மேலூர் பக்கம் கேபிளோடு நெட்டும் கொடுக்கும் ஆபரேட்டர் என்று யாரைக் கேட்டாலும் புகார் ஒன்றுதான். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் பிளானில் சொன்ன வேகம் வருகிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடியோ கால் திக்குகிறது, யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கிறது. பிளானை ஏற்றினாலும் இது போகாது. வழியில் ஏதோ ஒரு பெட்டியில் பஃபர், அதாவது டேட்டா துண்டுகள் (பேக்கெட்) தங்கள் முறைக்காக வரிசையில் காத்திருக்கும் இடம், தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது. சில இடங்களில் நேர்மாறாக, தேவைக்கும் சிறிதாக இருக்கும்.

ரவுட்டர் மெனுவில் பஃபர் அளவு பேக்கெட்டிலோ கேபியிலோ இருக்கும். அந்த எண்ணுக்குத் தனியாக அர்த்தமே இல்லை. லைன் வேகத்தால் வகுத்து மில்லிசெகண்டுக்கு மாற்றிய பிறகே அது பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும். லினக்ஸில் ஈதர்நெட் வரிசையின் வழக்கமான நீளம் 1000 பேக்கெட். ஒவ்வொன்றும் 1500 பைட் என்றால் மொத்தம் 1.5 எம்பி, அதாவது 12 மெகாபிட். 1 ஜிபிபிஎஸ் லைனில் அது 12 மில்லிசெகண்ட்; யாருக்கும் தெரியாது. 20 எம்பிபிஎஸ் அப்லோடில் அதே 1000 பேக்கெட் 600 மில்லிசெகண்ட்.

600 மில்லிசெகண்ட் என்ன செய்யும்? கீழ்த்தளத்து போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண வீடியோவை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த லைனில் ஒருவர் யுபிஐயில் பணம் அனுப்புகிறார். சர்வரின் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்விக்கு ஒரு சுற்று (போய்வருவது), தொடர்பைத் திறக்கும் டிசிபி இணைப்புக்கு ஒரு சுற்று, அதைப் பாதுகாப்பாக்கும் டிஎல்எஸ் கைகுலுக்கலுக்கு ஒரு சுற்று, பிறகுதான் உண்மையான கோரிக்கை. நான்கு சுற்றும் நிறைந்த அப்லோட் வரிசையின் கடைசியில் நின்றுதான் போக வேண்டும்: 2.4 விநாடி. டவுன்லோட் முழுக்கக் காலியாக இருந்தாலும் இதேதான்.

1. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

கடைசி பில். அதில் பிளான் பெயர், டவுன்லோட் வேகம், அப்லோட் வேகம், எஃப்யூபி எல்லை (இவ்வளவு டேட்டா வரை முழு வேகம் என்ற வரம்பு), எல்லை தாண்டிய பின் கிடைக்கும் வேகம் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்லோட் வேகத்தைப் பல பில்களில் போடுவதே இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் எண் (உங்கள் ரவுட்டர் கம்பெனி லைனில் லாகின் ஆகத் தேவையானவை). லைன் போட வந்த டெக்னீஷியனிடம் அன்றைக்கே வாங்கி வைத்தால் பிரச்சினை இல்லை. பிறகு கேட்டால் அலைச்சல்தான். ஃபைபர் பெட்டியை (ஓஎன்டி) பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் டேட்டாவை அப்படியே கடத்தும் நிலையில்) போட்டுத் தரச் சொல்லி பதிவு செய்த மெயிலிலிருந்து ஒரு கோரிக்கை அனுப்புங்கள். மறுத்தால் விட்டுவிடலாம், இரண்டு முறை நாட் (உள்ளே உள்ள பல ஐபிகளை வெளியே ஒரே ஐபியாக மாற்றுவது) ஆகும், ஆனால் கீழே சொல்லும் வேலை எதுவும் அதனால் கெடாது.

லீஸ்டு லைன் (உங்களுக்கென்றே ஒதுக்கிய லைன்) என்றால் எஸ்எல்ஏ கடிதத்தின் (கம்பெனி தரும் சேவை உத்தரவாதத்தின்) நகல். ரவுட்டர், சுவிட்ச் இரண்டின் மாடல் எண்ணும் தரவுத்தாளும். சுவிட்ச் தரவுத்தாளில் 'பேக்கெட் பஃபர்' வரியைப் படிக்கும்போது பிட்டா பைட்டா என்று கவனியுங்கள். 4.1 மெகாபிட் என்று போட்டிருந்தால் அது சுமார் 512 கேபிதான், அதையும் எல்லா போர்ட்டும் பங்கு போட்டுக்கொள்ளும்.

2. காலி லைனில் ஒரு பிங், நிறைந்த லைனில் ஒரு பிங்

லேப்டாப்பைக் கேபிளில் செருகுங்கள். வைஃபையில் அளந்தால் குற்றம் லைனுடையதா காற்றினுடையதா என்று பிரிக்க முடியாது. காலை ஆறு மணிக்கு, யாரும் பயன்படுத்தாத நேரத்தில், 8.8.8.8-க்கும் 1.1.1.1-க்கும் (கூகுள், கிளவுட்ஃப்ளேர் சர்வர்கள்) ஒரு நிமிடம் பிங் (ஒரு பேக்கெட் போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) விட்டு நடுவிலுள்ள எண்ணைக் குறியுங்கள். ஃபைபரில் ஒளி கிலோமீட்டருக்கு சுமார் 5 மைக்ரோசெகண்ட் எடுக்கும். பதில் சொல்லும் சர்வர் சென்னையில், மதுரையிலிருந்து 460 கிலோமீட்டரில் இருக்கிறது என்றால் போய்வர 4.6 மில்லிசெகண்டுக்குக் குறைய வழியே இல்லை. ஃபைபர் நேர்கோட்டில் போகாது, நடுவில் பெட்டிகளும் உண்டு. எனவே பத்தை ஒட்டி வந்தால் லைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிய ஃபைல் ஒன்றை அப்லோட் செய்யுங்கள். முடிந்ததும் தனியாக டவுன்லோட். இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள். எந்தத் திசையில் கோளாறு என்று தெரியாமல் போகும். ஊக்லா ஆப்பிலேயே இப்போது சுமையின்போதைய பிங்கைத் தனியாகக் காட்டுகிறது. வேவ்ஃபார்ம் தளத்தின் பஃபர்ப்ளோட் (பஃபர் வீங்கித் தாமதமாவது) டெஸ்டும் நன்றாக இருக்கும்.

காலி பிங்கைவிட 20–30 மில்லிசெகண்ட் மட்டும் ஏறினால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. 100-க்கு மேல் ஏறினால் தொடருங்கள். பிங் ஏறவே இல்லை, ஆனால் ஒற்றை டவுன்லோட் பிளான் வேகத்தைத் தொடவில்லை என்றால் பஃபர் சிறிதாக இருக்கலாம். 6, 7-ஆம் படிகளைப் பாருங்கள்.

இதே சோதனையை ராத்திரி 8 முதல் 11-க்குள் இன்னொரு முறை செய்யுங்கள். அந்த நேரத்து வேகம்தான் கணக்கில் சேர்க்க வேண்டிய வேகம்; காலை ஆறு மணி வேகத்தை வைத்து அமைத்தால் ராத்திரி தோற்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை செய்வார்களே, கரன்ட் திரும்பி வந்த முதல் பத்து நிமிடம் இலவசமாகக் கிடைக்கும் சோதனைக் களம். எல்லா போனும் ஒரே நேரத்தில் வைஃபையில் ஏறி போட்டோ பேக்கப்பை ஆரம்பிக்கும்.

3. வரிசை எந்தப் பெட்டியில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

மூன்று ஜன்னலில் மூன்று பிங்: உங்கள் ரவுட்டருக்கு ஒன்று, டிரேஸ்ரவுட்டில் (பேக்கெட் போகும் வழியைக் காட்டும் கட்டளை) தெரியும் கம்பெனியின் முதல் ஹாப்புக்கு (வழியிலுள்ள முதல் பெட்டிக்கு) ஒன்று, 8.8.8.8-க்கு ஒன்று. லைனை நிறைத்துவிட்டுப் பாருங்கள்.

ரவுட்டர் பிங்கே ஏறினால், கேபிளில் இருந்தால் சுவிட்சோ ரவுட்டரின் சிபியுவோ திணறுகிறது. வைஃபையில் இருந்தால் வைஃபைதான். அதற்கு லைன் பக்கம் எதைத் திருகினாலும் பலன் இல்லை. ரவுட்டர் பிங் அசையாமல் முதல் ஹாப் ஏறினால் ஓஎன்டியிலோ கம்பெனியின் பெட்டியிலோ வரிசை நிற்கிறது. பெரும்பாலான இடங்களில் இதுதான். முதல் ஹாப்பும் அசையாமல் 8.8.8.8 மட்டும் ஏறினால் நெரிசல் அதற்கும் அப்பால், உங்கள் கைக்கு எட்டாத இடத்தில். அங்கே புகார் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

சில முதல் ஹாப்புகள் பிங்குக்குப் பதிலே சொல்லாது. அடுத்த ஹாப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கணக்கு

பழைய விதி எளிது: பஃபர் = லைன் வேகம் × சுற்றுநேரம் (பேக்கெட் போய்வர ஆகும் நேரம்). 100 எம்பிபிஎஸ், 50 மில்லிசெகண்ட் என்றால் 5 மெகாபிட், அதாவது 625 கேபி, சுமார் 415 பேக்கெட். ஒரே ஒரு டிசிபி இணைப்பு லைனை முழுதாக நிறைத்து, ஒரு பேக்கெட் விழுந்ததும் வேகத்தைப் பாதியாக்கினாலும் லைன் காலியாகாமல் இருக்க இவ்வளவு தேவை.

எந்தச் சுற்றுநேரத்தைப் போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. மதுரையில் பார்க்கும் வீடியோவில் பெரும்பகுதி சென்னையிலோ அதற்கும் பக்கத்திலோ உள்ள கேஷிலிருந்து (வீடியோ நகலை வைத்திருக்கும் சர்வரிலிருந்து) வரும். சிங்கப்பூர் போய்வர 40 மில்லிசெகண்டுக்கு மேல், அமெரிக்கா 200-க்கு மேல். அமெரிக்காவுக்கு ஏற்றபடி பஃபர் வைத்தால், சென்னை வீடியோ அதை நிறைத்துவிட்டு எல்லாரையும் 200 மில்லிசெகண்ட் காக்கவைக்கும். எந்தப் புத்தியும் இல்லாத வெறும் வரிசைதான் (மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டர்களில் பிஃபிஃபோ, பிஎஃபிஃபோ) கையில் இருக்கிறது என்றால் 40–50 மில்லிசெகண்டில் நிறுத்துங்கள். தூரத்து ஒற்றை டவுன்லோட் கொஞ்சம் வேகம் இழக்கும். அந்த இழப்பைப் பற்றி ஹாஸ்டலில் ஒருவரும் புகார் சொல்லப்போவதில்லை.

இணைப்புகள் நிறைய ஓடும் பெரிய லைனில் இந்த விதி தேவைக்கு மேல் கொடுக்கும். நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஒரே நேரத்தில் வேகத்தைப் பாதியாக்குவதில்லை. ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறும். ஆகவே பழைய விடையை √என்-ஆல் வகுத்தால் போதும் என்று 2004-ல் ஆப்பன்செல்லர், கெஸ்லாசி, மெக்கியோன் மூவரும் காட்டினார்கள். என் என்பது நீண்ட நேரம் ஓடும் இணைப்புகளின் எண்ணிக்கை. 1 ஜிபிபிஎஸ், 100 மில்லிசெகண்ட் என்றால் பழைய கணக்கில் 12.5 எம்பி. 400 இணைப்பு ஓடினால் √400 = 20; 625 கேபி போதும்.

ஹாஸ்டலிலும் அலுவலகத்திலும் இந்தச் சுருக்கத்தைப் போடாதீர்கள். ஐந்தாறு பெரிய இணைப்புகள் ஓடும் லைனில் அவை சேர்ந்தே ஏறி, சேர்ந்தே விழும்.

5. வரிசையை உங்கள் பெட்டிக்கு இழுத்து வாருங்கள்

உங்கள் ரவுட்டரில் எவ்வளவு நல்ல எண் போட்டாலும், வரிசை கம்பெனியின் பெட்டியில் நின்றால் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் நடுவே 1 ஜிபிபிஎஸ் கேபிள். அங்கே நெரிசலே வராது. ஓஎன்டியைத் தாண்டித்தான் 100 எம்பிபிஎஸ்ஸாகச் சுருங்குகிறது.

அதனால் வேண்டுமென்றே லைனைவிடக் கொஞ்சம் குறைவான வேகத்தில் உங்கள் ரவுட்டரே கழுத்தை நெரிக்க வேண்டும். அப்லோடுக்கு, ராத்திரி அளந்த வேகத்தில் 95%. டவுன்லோடுக்கு 85–90%. டவுன்லோடில் பேக்கெட் உங்களிடம் வந்து சேர்ந்த பிறகே அதைத் தள்ளிப்போட முடியும். அனுப்புகிறவருக்குச் செய்தி போய்ச் சேரும்வரை கம்பெனி பெட்டியில் வரிசை கட்டாமலிருக்கக் கூடுதல் இடைவெளி வேண்டும். 'பணம் கட்டிய வேகத்தில் பத்து சதவீதம் போச்சே' என்று ஹாஸ்டல் உரிமையாளர் கேட்பார். போகட்டும்.

பில்லில் போட்ட வேகத்துக்கு சதவீதம் போடாதீர்கள், அளந்த வேகத்துக்குப் போடுங்கள்.

இன்னொரு கண்ணி எஃப்யூபி. சில திட்டங்களில் 3300 ஜிபி தாண்டியதும் வேகம் சில எம்பிபிஎஸ்ஸுக்கு விழும். உங்கள் ரவுட்டர் அப்போதும் 90-ல் நெரித்துக்கொண்டிருக்கும். அதாவது நெரிக்கவே இல்லை. வரிசை மறுபடி கம்பெனி பெட்டிக்குப் போய்விடும். 'மாசக் கடைசியில் மட்டும் லேக் அடிக்குது' என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

6. மைக்ரோடிக்கில் அமைப்பது

மைக்ரோடிக்கின் சாஃப்ட்வேரான ரவுட்டர்ஓஎஸ் 7 வேண்டும். வரிசையைப் புத்தியோடு நடத்தும் கேக், எஃப்கியூ-கோடல் என்ற முறைகள் இரண்டும் 6-ல் கிடையாது. அப்டேட் செய்வதற்கு முன் பேக்கப் ஃபைலை லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளுங்கள்.

இவை இரண்டும் பஃபர் அளவை நீங்கள் சொல்லி நடப்பவை அல்ல. ஒரு பேக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து, காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்காமலே 100 மில்லிசெகண்ட் நேரம் தொடர்ந்தால் பேக்கெட்டுகளைக் கீழே போட ஆரம்பிக்கும். கணப்பொழுதில் வந்து வடியும் வரிசையைத் தொடாது. வடியாமல் நிற்கும் வரிசையைத்தான் வெட்டும். கூடவே ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கொடுக்கும். ரேஷன் கடையில் ஒருவர் பத்து கார்டோடு வந்து நின்றால், ஒரு கார்டுக்குப் பொருள் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது போல. எஃப்கியூ-கோடலின் 10240 பேக்கெட் எல்லையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது உச்சவரம்புதான், வேலை நடப்பது 5 மில்லிசெகண்டில்.

வின்பாக்ஸில் (மைக்ரோடிக்கை அமைக்கும் ஆப்) கியூஸ் பகுதிக்குப் போய், கியூ டைப்ஸில் இரண்டு புதிய வகை உருவாக்குங்கள், இரண்டும் கேக். அப்லோடுக்கானதில் ஃப்ளோ மோட் டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட், டவுன்லோடுக்கானதில் டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட். நாட் பெட்டியை டிக் செய்யுங்கள். டிக் செய்யாவிட்டால் ஹாஸ்டலில் நாற்பது பேர் இருந்தாலும் ஒரே ஐபியாகத் தெரியக்கூடும்; ஆளுக்கு ஆள் நியாயம் போய்விடும். ஓவர்ஹெட் (ஒவ்வொரு பேக்கெட்டோடும் லைனில் கூடுதலாகப் போவது) 44 பைட். ஃபைபரில் விலானும் பிபிபிஓஇயும் இருந்தாலும் அது போதும். கேக்கின் சொந்த பேண்ட்வித் கட்டத்தைத் தொடாதீர்கள்.

பிறகு சிம்பிள் கியூ ஒன்று: டார்கெட்டில் உங்கள் லேன் நெட்வொர்க், மேக்ஸ் லிமிட்டில் 5-ஆம் படியில் கிடைத்த இரண்டு எண்கள், கியூ டைப்பில் மேலே செய்த இரண்டு. மூன்று விஷயங்கள் இங்கே கவிழ்க்கும்.

ஃபாஸ்ட்ட்ராக். ஃபயர்வாலில் வழக்கமாகவே இருக்கும் இந்த விதி, பேக்கெட்டுகளை சிம்பிள் கியூவைத் தொடாமல் குறுக்கே அனுப்பிவிடும். கியூவில் எண் ஓடவே இல்லை என்றால் காரணம் இதுதான். விதியை டிசேபிள் செய்யுங்கள். ஓபன்டபிள்யூஆர்டியில் (ரவுட்டரில் ஏற்றும் இலவச மாற்று சாஃப்ட்வேர்) இதற்குச் சமமானது ஃப்ளோ ஆஃப்லோடிங். எஸ்கியூஎம் (அங்கே வரிசையை நடத்தும் பகுதி) போட்டால் அதையும் அணைக்க வேண்டும்.

பக்கெட் சைஸ். சிம்பிள் கியூவில் இது 0.1 என்று வந்திருக்கும். 100 எம்பிபிஎஸ் லிமிட்டில் 10 மெகாபிட், அதாவது 1.25 எம்பி வரை ஒரே மூச்சில் வெளியே போக அனுமதி என்று அர்த்தம். அந்த மூச்சு நேராகக் கம்பெனி பெட்டியில் போய் வரிசையாகும். 0.01 ஆக்குங்கள்.

சிபியு. ஃபாஸ்ட்ட்ராக்கை அணைத்ததும் சுமை ஏறும். மொத்த சிபியு 30% காட்டினாலும் ஒரு கோர் மட்டும் 100%-ல் நிற்கலாம். டூல்ஸ், புரொஃபைலில் கோர்வாரியாகப் பாருங்கள். நிரம்பினால் கேக்கிலிருந்து எஃப்கியூ-கோடலுக்கு இறங்குங்கள். அப்போதும் நிரம்பினால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான்.

மிக மெதுவான லைனில் (2.4 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழ்) ஒரு முழு பேக்கெட் போகவே 5 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அங்கே கோடல் டார்கெட்டை 15 ஆக்குங்கள். 

சிம்பிள் கியூவை டைப் மாற்றாமல் விட்டவர்களுக்கு: அதில் தானாக வருவது டிஃபால்ட்-ஸ்மால், 10 பேக்கெட். 2 எம்பிபிஎஸ்ஸில் 60 மில்லிசெகண்ட், சரியாகவே இருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸில் 1.2 மில்லிசெகண்ட், லைன் நிறையும் முன்பே பேக்கெட் விழுந்து வேகம் தொங்கிவிடும்.

7. கேபிள் ஆபரேட்டருக்கு

பிசிகியூ (மைக்ரோடிக்கில் வாடிக்கையாளருக்கு ஒரு வரிசை வைக்கும் முறை) வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அதில் ஒரு வாடிக்கையாளருக்கு 50 கேஐபி (1 கேஐபி = 1024 பைட்), மொத்தத்துக்கு 2000 கேஐபி என்று வந்திருக்கும். 2000-ஐ 50-ஆல் வகுத்தால் 40. நாற்பது பேருக்கு மேல் வரிசை கட்டினால் மொத்த எல்லை முட்டி, தப்பே செய்யாதவரின் பேக்கெட்டும் விழும். உசிலம்பட்டியில் 300 வீட்டுக்குக் கொடுப்பவர் இதை மாற்றாமல் வைத்திருந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லா வீட்டிலிருந்தும் போன் வரும்.

50 கேஐபி என்பது 10 எம்பிபிஎஸ் பிளானுக்கு 41 மில்லிசெகண்ட், அருமை. 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு 4 மில்லிசெகண்ட்தான்; 'நூறுக்குப் பணம் கட்டுறேன், அறுபதுதான் வருது' என்ற சண்டை இங்கிருந்துதான் கிளம்புகிறது. பிளான்வாரியாகத் தனித்தனி பிசிகியூ வகை செய்து, ஒவ்வொன்றிலும் 30–40 மில்லிசெகண்டுக்கான கேபியைப் போடுங்கள்: 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 375–500 கேபி. மொத்த எல்லை, உச்ச நேரத்தில் ஒரே சமயம் இழுப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை மடங்கு. ரேம் போதுமா என்று அப்போது கவனியுங்கள்.

மேலே போகும் 1 ஜிபிபிஎஸ் லைனுக்கு √என் கணக்கைப் போடலாம். ஆனால் கனெக்ஷன்ஸ் பட்டியலில் காட்டும் ஆயிரக்கணக்கான எண் என் அல்ல; பெரும்பாலானவை சும்மா திறந்து கிடப்பவை. பட்டியலை ரேட் வாரியாக அடுக்கி, நிமிடக்கணக்கில் டேட்டா இழுப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். விடை 5 மில்லிசெகண்ட் என்று வந்தாலும் 10–20 மில்லிசெகண்ட், அதாவது 1.25–2.5 எம்பி வையுங்கள். 10 ஜி போர்ட்டிலிருந்து 1 ஜி போர்ட்டுக்கு இறங்கும் சுவிட்ச் இருந்தால் 10 ஜியும் முழு வேகத்தில் வந்தால் அதன் 512 கேபி பஃபர் அரை மில்லிசெகண்டுக்குள் நிறைந்து கொட்டும். ரவுட்டரில் எவ்வளவு அழகாக அமைத்தாலும் இழப்பு சுவிட்சில் நடக்கும். போர்ட் கவுன்ட்டரில் டிராப் எண்ணை வாரம் ஒருமுறை பாருங்கள்.

லைன் தினமும் மூன்று மணி நேரம் 100%-ல் நின்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு பேண்ட்வித் வாங்குங்கள். பஃபர் மில்லிசெகண்ட் பற்றாக்குறையைத் தாங்கும், மணிக்கணக்குப் பற்றாக்குறையை அல்ல.

8. செலவும் நேரமும்

ஹாஸ்டல், சிறு அலுவலகத்துக்கு மைக்ரோடிக் ஹெக்ஸ் வகை சுமார் ₹5,000–7,000. ஓபன்டபிள்யூஆர்டி ஏற்கும் ரவுட்டர் ₹2,500–4,000-க்குக் கிடைக்கும். ஃபர்ம்வேர் மாற்றினால் வாரன்டி போகும், அதே மாடலிலேயே வெர்ஷன் எண் மாறினால் ஓடாது. பெட்டியின் அடியிலுள்ள ஸ்டிக்கரைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். இரண்டு லேன் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் இருந்தால் சாஃப்ட்வேர் செலவு இல்லை, கரன்ட் பில் உண்டு. ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் மினி யுபிஎஸ் சுமார் ₹1,500. எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள், வாரன்டிக்கு அதுதான் ஆதாரம்.

அளக்க இரண்டு நாள், ஒன்று வேலை நாள், ஒன்று ஞாயிறு. அமைக்க ஒரு மணி நேரம்; பகல் பதினொரு மணி வாக்கில் செய்யுங்கள், ராத்திரியில் கை வைக்காதீர்கள். பிறகு ஒரு வாரம் மேக்ஸ் லிமிட்டை 5% ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும்: பிங் ஏறாமல் எவ்வளவு தூரம் ஏற்ற முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

9. கம்பெனிக்குப் புகார் எழுதும்போது

'நெட் ஸ்லோ' என்று மட்டும் எழுதினால் ஸ்பீட் டெஸ்ட் போடச் சொல்லி டிக்கெட்டை மூடிவிடுவார்கள். காலி பிங், நிறைந்த பிங், முதல் ஹாப் பிங், தேதி, நேரம், கேபிளில் அளந்தது என்ற குறிப்பு, டிரேஸ்ரவுட் ஸ்க்ரீன்ஷாட், இவ்வளவையும் ஒரே மெயிலில் வையுங்கள். லீஸ்டு லைன் என்றால் எஸ்எல்ஏ கடிதத்தில் பேக்கெட் இழப்புக்கும் தாமதத்துக்கும் போட்ட எல்லையை அந்த வரியோடு மேற்கோள் காட்டுங்கள். டிக்கெட் எண்ணை எழுதி வாங்கிய பிறகு போனை வையுங்கள்.